கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ்!

காலையில உங்க பைக்கை ஸ்டார்ட் பண்ணினதும் என்ஜின் மண்டையில இருந்து 'டிக்... டிக்... டிக்...'னு ஒரு சத்தம் வருதா? ஹாஸ்டல் வாசல்ல நிக்கிற நாலு பேர், 'மச்சி, டேப்பட் அடிக்குதுடா'ன்னு பெரிய டாக்டர் மாதிரி முகத்தைச் சுருக்குறாங்களா?

சந்தோஷப்படுங்க பாஸ். உங்க வண்டி இன்னும் உங்ககூட பேசிட்டு இருக்கு!

என் வண்டி பேச்சை நிறுத்தி பல மாசம் ஆகியும் எனக்குத் தெரியல. தெரியாதது மட்டுமா? 'பாத்தியா, என்ஜின் எவ்வளவு ஸ்மூத்தா இருக்கு'ன்னு காலரை வேற தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற பையன்னு வெளியில சொல்லிடாதீங்க. அசிங்கமா போயிடும்.

முதல்ல வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். சிபிஆர் 250ஆர், 2012 மாடல். 2011-ல இந்தியாவுக்கு வந்து, 2020-ல பி.எஸ்.6 விதி வந்தப்போ டாட்டா காட்டிட்டுப் போன வண்டி. ஆனா இது என் வண்டி இல்லை. என் அண்ணனோடது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் காசு சேர்த்து, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினான். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர்ல வேலை கிடைச்சுக் கிளம்பறப்போ சாவியை என் கையில கொடுத்து, 'பெட்ரோல் போடறியோ இல்லியோ, டைமுக்கு சர்வீஸ் பண்ணிடுடா'ன்னு சொல்லிட்டுப் போனான்.

போன செப்டம்பர்ல அதுக்குன்னே 4,000 ரூபாயும் அனுப்பினான். 'வால்வு செக் பண்ண வேண்டிய கிலோமீட்டர் எப்பவோ தாண்டியாச்சு. நல்ல ஆளாப் பாத்துக் கொடு'ன்னு மெசேஜ்.

அதே வாரம் எங்க டிபார்ட்மென்ட்ல இண்டஸ்ட்ரியல் விசிட். உங்களுக்குத் தெரியாததா? இண்டஸ்ட்ரி ஒன்றரை மணி நேரம், மூணாறு ரெண்டரை நாள்! 4,000 ரூபாய் பனியோட பனியா கரைஞ்சு போச்சு. அண்ணனுக்கு, 'சர்வீஸ் பண்ணிட்டேண்ணா. வண்டி சூப்பரா இருக்கு'ன்னு ரிப்ளை. கூடவே ஒரு கட்டை விரல்.

அந்தக் கட்டை விரல்தான் கடைசியில என் கண்ணைக் குத்துச்சு.

டிசம்பர்ல ஆரம்பிச்சது வினை. காலையில செல்ஃப் அடிச்சா 'கிர்ர்ர்... கிர்ர்ர்...'னு இழுத்துக்கிட்டே இருக்கும். ஒருவழியா ஸ்டார்ட் ஆனாலும் சிக்னல்ல நின்னா பொசுக்குனு அணைஞ்சுடும். பிக்கப் போச்சு. ஒரு ஒர்க்‌ஷாப்ல ஆயில் மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். இன்னொரு இடத்துல ப்ளக் மாத்தச் சொன்னாங்க. அதையும் மாத்தினேன். என்னை மாத்தறதைத் தவிர எல்லாத்தையும் மாத்தியாச்சு. வண்டி மாறல.

இதுக்கு நடுவுல அண்ணன் போன். பொங்கலுக்கு லீவு போட்டு வர்றானாம். கூட்டாளிகளோட வால்பாறை போறானாம். எதுல? 'நம்ம வண்டிலதாண்டா!'

வயித்துல புளி கரைக்கிறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

எங்க ஊர் கோயம்புத்தூர். காந்திபுரம் தாண்டி கணபதி பக்கம் எந்தத் தெருவுல நுழைஞ்சாலும் லேத் சத்தம் கேக்கும். அப்படி ஒரு தெருவுல, போர்டு கூட இல்லாத ஒரு ஒர்க்‌ஷாப். ஐம்பது வயசு தாண்டின ஒரு அண்ணா, தனி ஆளா நடத்தறார். ஃப்ரெண்டு கூட்டிட்டுப் போனான். மெக்கானிக் அண்ணா வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். என்ஜின்மேல காதை வெச்சுக் கேட்டார்.

'சத்தமே இல்லியே தம்பி.'

'ஆமாங்ணா. செம ஸ்மூத்து!' என் வாய் இருக்கே...

அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். 'சத்தம் போடுற வால்வைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். சத்தம் போடாத வால்வுதான் திடீர்னு கழுத்தறுக்கும். வண்டியை வெச்சுட்டுப் போ. காலையில ஆறரைக்கு வா. நடுவுல யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.'

அவர் சொன்னதுக்கு என்ன அர்த்தம்னு புரியணும்னா ஒரு சின்ன கிளாஸ் எடுக்கணும். பயப்படாதீங்க, அட்டென்டன்ஸ் கிடையாது.

உங்க ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினோட தலைக்குள்ள வால்வுகள் இருக்கு. எங்க வண்டில நாலு. ரெண்டு, பெட்ரோலும் காத்தும் உள்ளே வர்ற இன்டேக் வால்வு. ரெண்டு, எரிஞ்ச புகை வெளியே போற எக்ஸாஸ்ட் வால்வு. மேல கேம்ஷாஃப்ட் சுத்தும். அதோட மூக்கு ராக்கர் ஆர்மை அமுக்கும். ராக்கர் வால்வை அமுக்கும். வால்வு திறக்கும். மூக்கு தாண்டிப் போனதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிடும்.

மூடி இருக்கிற நேரத்துல ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவுல ஒரு துளி இடைவெளி இருந்தே ஆகணும். ஏன்னா சூடானா இரும்பு நீளும். எட்டாங்கிளாஸ்லயே படிச்சதுதான். இடைவெளி இல்லைன்னா, நீண்டு போன வால்வு மேல முட்டிக்கிட்டு முழுசா மூடாமலே நிக்கும். அந்த இடைவெளிக்குப் பேர்தான் வால்வு கிளியரன்ஸ். எங்க வண்டிக்கு இன்டேக் 0.16 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.27 மில்லிமீட்டர். ரெண்டுலயும் 0.03 கூடலாம், குறையலாம். உங்க ஜெராக்ஸ் பேப்பர் ஒண்ணோட தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். அப்படின்னா இன்டேக்குக்கு ஒன்றரை பேப்பர் இடம். அவ்வளவுதான்!

ஸ்ப்ளெண்டர், பல்சர் மாதிரி வண்டிகள்ல இந்த இடைவெளியை சரி பண்ண ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். திருகி, டைட் பண்ணிட்டு, டீ குடிக்கப் போயிடலாம். ஆர்எக்ஸ் 100 வெச்சிருக்கிற புண்ணியவான்களுக்கு இந்தப் பிரச்னையே இல்லை. டூ ஸ்ட்ரோக்ல இந்த மாதிரி வால்வே கிடையாது. எங்க வண்டில ஸ்க்ரூவுக்குப் பதிலா ஷிம். வால்வோட தலையில உட்கார்ந்திருக்கிற ஒரு குட்டி இரும்பு வில்லை. சட்டை காலர் பட்டன் சைஸ்தான். ஸ்க்ரூ, நட்டோட கனம் இல்லாததால வேகமா சுத்துற என்ஜினுக்கு இது வசதி. சீக்கிரம் நகராது, லூசும் ஆகாது. ஆனா இடைவெளியை மாத்தணும்னா திருக முடியாது. வில்லையையே எடுத்துட்டு, வேற தடிமன்ல இன்னொண்ணு போடணும்.

இப்போ ஒரு கேள்வி. ஓட ஓட என்ஜின் தேயுமா? தேயும். தேய்ஞ்சா இடைவெளி அதிகமாகுமா, குறையுமா?

'அதிகமாகும்'னு சொன்னீங்கன்னா நீங்களும் என் பெஞ்சுதான். வாங்க, உட்காருங்க.

ஆட்டுக்கல்லைப் பாத்திருக்கீங்களா? ஆட்ட ஆட்டக் குழி ஆழமாகி, குழவி உள்ளே இறங்கிட்டே போகும். வால்வும் தன்னோட சீட்டுல அப்படித்தான் இறங்கும். வால்வோட தட்டு சீட்டுக்குள்ள இறங்க இறங்க, அதோட இன்னொரு முனை ராக்கரை நோக்கி ஏறிட்டே வரும். இடைவெளி குறையும். எங்க வண்டி 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஒரு கிலோமீட்டருக்கு என்ஜின் சுமாரா 4,000 சுத்து சுத்துதுன்னு வெச்சுக்கிட்டா, ஒவ்வொரு வால்வும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை திறந்து மூடும். கால்குலேட்டரைத் தட்டுங்க. ஒன்பது கோடி தடவைக்கு மேல! இறங்காம என்ன பண்ணும் பாவம்?

இடைவெளி அதிகமா இருந்தா, ராக்கர் வால்வை 'டிக் டிக்'னு தட்டிட்டே இருக்கும். ரொம்ப அதிகமானா அதுவும் தப்புதான். பவர் குறையும், தேய்மானம் கூடும். ஆனா காதுல விழும். நீங்களே பயந்து போய் ஒர்க்‌ஷாப்ல நிப்பீங்க. இடைவெளி குறைஞ்சா? தட்டறதுக்கு இடமே இல்லை. சத்தம் நின்னுடும். என்ஜின் வெண்ணெய் மாதிரி ஓடும். உள்ளே எக்ஸாஸ்ட் வால்வு வெந்துட்டு இருக்கும். எரியற வாயு தாண்டிப் போற வழி அது. வால்வுக்கு ஏர்ற சூட்டுல பெரும்பகுதி, மூடி இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துல சீட்டு வழியாத்தான் வெளியே போகணும். சீட்டுல சரியா உட்காரலைன்னா சூடு போக வழியில்லை. ஓரம் கருகும். கம்ப்ரஷன் கசியும். செல்ஃப் 'கிர்ர்ர்...'னு இழுக்கும்.

ஆக, நான் 'ஸ்மூத்து'ன்னு பீத்திக்கிட்ட ஒவ்வொரு நாளும் அண்ணனோட என்ஜின் மூச்சு முட்டிக்கிட்டு இருந்திருக்கு.

மறுநாள் காலையில ஆறரைக்குப் போயிட்டேன். செமஸ்டருக்குக் கூட இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை. ராத்திரி பூரா விட்டதால என்ஜின் ஜில்லுனு இருந்துச்சு. ஜில்லுனு இருந்தாத்தான் கணக்கு. சூட்டுல அளந்தா எல்லா நம்பரும் பொய்.

ஃபேரிங், சீட்டு, டேங்க் எல்லாம் கழட்டி, கடைசியா சிலிண்டர் ஹெட் கவரைத் தூக்கினப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. மூணு வருஷமா போர்டுல பாத்த படம், எண்ணெய் பளபளக்க கண்ணு முன்னாடி! கேம் செயின் போற குழிக்குள்ள ஒரு சுத்தமான துணியை அடைச்சார் அண்ணா. 'ஷிம்மு உள்ளே விழுந்துச்சுன்னா என்ஜினைப் பிரிக்கணும். அப்புறம் பொங்கல் இல்ல, தீபாவளிதான்.'

'மெக்கானிக்கல்தானே படிக்கிற? பிஸ்டனை மேல கொண்டா'ன்னு ஸ்பேனரை என் கையில கொடுத்தார். கிராங்க்கைச் சுத்தி 'டி' குறியை நேர் பண்ணினேன். கெத்தா, 'டி.டி.சி. வந்தாச்சுங்ணா!'

ஃபீலர் கேஜ் எடுத்தார். ஒர்க்‌ஷாப் பாஷையில 'பில்லர் கேஜ்'. விசிறி மாதிரி விரியற தகடுகள். ஒவ்வொண்ணுலயும் தடிமன் அச்சடிச்சிருக்கும். மெலிசான தகடைக் கூட உள்ளே விட முடியல. நாலு வால்வுலயும்! 'போச்சு... நாலும் காலி'ன்னு எனக்குக் கை உதற ஆரம்பிச்சுடுச்சு.

அண்ணா சிரிச்சார். 'கேம் மூக்கு எந்தப் பக்கம் பாக்குது பாரு.'

அட! பிஸ்டன் மேல வர்றது ரெண்டு தடவை. கம்ப்ரஷன் முடியறப்போ ஒண்ணு, எக்ஸாஸ்ட் முடியறப்போ ஒண்ணு. ரெண்டாவதுல வால்வுகள் லேசா திறந்தே இருக்கும். இடைவெளி எங்கேயிருந்து வரும்? இன்னொரு முழுச் சுத்து சுத்தினேன். கேம் மூக்கு எல்லாம் ராக்கரை விட்டு விலகி அந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. யூனிட் டெஸ்ட்ல இந்தக் கேள்விக்குப் படம் வரைஞ்சு முழு மார்க் வாங்கினவன் நான். படத்துல ஸ்பேனர் இல்லையே!

'நீ அள. நான் எழுதிக்கறேன்'னு ஒரு பழைய நோட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டார்.

தகடு ராக்கருக்கும் ஷிம்முக்கும் நடுவுல போகணும். சும்மா வழுக்கிட்டும் போகக் கூடாது, திணிக்கவும் கூடாது. கனமான புத்தகத்துக்கு அடியில மாட்டின பேப்பரை உருவுறப்போ ஒரு லேசான இழுவை இருக்குமே, அந்த மாதிரி. இன்டேக் ரெண்டும் 0.16, 0.15. அருமை. முதல் எக்ஸாஸ்ட் 0.25. பாஸ். எனக்கு உசுரு வந்துச்சு.

நாலாவது வால்வு. 0.25 போகல. 0.24 போகல. தகடைச் சாய்ச்சு, ஓரத்தை விட்டு லேசா அமுக்கினேன். முனை கொஞ்சம் நுழைஞ்ச மாதிரி இருந்துச்சு.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லணும். எங்க மெட்ராலஜி லேப்ல ரீடிங்கை யாரும் எடுக்கறதில்லை. வர வைக்கிறோம். போன பேட்ச் ரெக்கார்டைப் பாத்து, கடைசி இலக்கத்தை மட்டும் முன்னே பின்னே மாத்தி எழுதிடுவோம். 'மச்சி, கிராஃப் வளையுது'ன்னா, 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோடா'ன்னு பக்கத்து டேபிள்ல இருந்து பதில் வரும். பஸ்ஸுல மூணு பேர் சீட்டுல நாலாவதா உட்கார்றதுக்கும் அதே வார்த்தைதான். பழகின கை. பொங்கலுக்கு ஆறே நாள்தான் இருக்கு. இந்த ஒரு வால்வு மட்டும் பாஸ் ஆயிட்டா கவரை மூடிடலாம்.

'0.25ங்ணா'ன்னேன்.

அவர் எழுதல. பேனாவைப் பிடிச்சுக்கிட்டே கேட்டார். '0.25 சரியா இழுவையோட போகுதா?'

'ம்... போகுதுங்ணா.'

'அப்போ 0.24 சும்மா வழுக்கிட்டுப் போகணும். எங்கே, காட்டு.'

காட்டினேன். போகல. 0.22 போகல. 0.20 போகல. 0.18 வெச்சப்போதான் அந்த லேசான இழுவை கிடைச்சுது. 0.24-க்குக் கீழே போகக் கூடாத இடத்துல 0.18!

எனக்குத் தலை நிமிரல. அவர் திட்டலை. 0.18-ன்னு எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். 'தம்பி, பேப்பர்ல அட்ஜஸ்ட் பண்ணினா பேப்பர் சரியாகும். வால்வு சரியாகாது. மூடிட்டுப் போனா வால்பாறை மேட்டுல போறது உன்ற அண்ணன். நீ இல்ல.'

அந்த ஒரு வார்த்தை, எந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினரும் என்னைக் கேட்காத கேள்வி.

நல்லவேளையா, இந்த வண்டில கேம்ஷாஃப்ட்டைக் கழட்டாமலே ராக்கரை ஓரமா நகர்த்தி ஷிம்மை எடுக்கலாம். பல டிஓஹெச்சி வண்டிகள்ல கேம்ஷாஃப்ட்டையே கழட்டி மாட்டணும். செயின்ல ஒரு பல் மாறிப் போச்சுன்னா டைமிங்கே காலி. அண்ணா சின்ன மேக்னெட்டால ஷிம்மை எடுத்து என் உள்ளங்கையில வெச்சார். 4,000 ரூபாய்ப் பொய்யோட எடை இவ்வளவுதானா?

ஷிம்மோட மேல அச்சு அழிஞ்சு போயிருந்துச்சு. மைக்ரோமீட்டரைக் கொடுத்தார். இந்தத் தடவை நான் அவசரப்படல. முதல்ல ஒண்ணுமே வெக்காம மூடிப் பாத்தேன். 0.02 காட்டுச்சு. ஜீரோ எரர்! அப்புறம் ஷிம்மை வெச்சேன். 1.97. 'ஜீரோவைக் கழிச்சா 1.95ங்ணா'ன்னேன். பேசாம 1.95-ன்னு எழுதிக்கிட்டார். எழுதினாரே, அதுவே எனக்கு ஓ கிரேடு.

கணக்கு சுலபம். பழைய ஷிம்மோட தடிமன்ல, இருக்கிற இடைவெளியைக் கூட்டி, வேணும்ங்கிற இடைவெளியைக் கழிச்சா புது ஷிம். 1.95-ம் 0.18-ம் 2.13. அதுல 0.27 போனா 1.86. ஆனா ஷிம்கள் 0.025 இடைவெளியிலதான் வரும். 1.85 இருக்கு. 1.875 இருக்கு. 1.85 போட்டா இடைவெளி 0.28. 1.875 போட்டா 0.255. ரெண்டுமே 0.24-க்கும் 0.30-க்கும் நடுவுலதான்.

'எதைப் போடுவே?'

'ரெண்டுமே பாஸ்தானேங்ணா?'

'இந்த வால்வு எந்தப் பக்கம் நகருது?'

குறைஞ்சுக்கிட்டே வருது. அப்படின்னா கொஞ்சம் அதிகமா வெக்கிறதுதான் புத்திசாலித்தனம். '1.85-ங்ணா.' முதல் தடவையா தலையாட்டினார்.

அண்ணாகிட்ட ஒரு பழைய பல்பொடி டப்பா இருக்கு. பல வண்டிகள்ல கழட்டின ஷிம்கள். கொட்டித் தேடினோம். 1.85 இல்லை. 1.875-ல ஒண்ணு இருந்துச்சு. மைக்ரோமீட்டரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லுச்சு. ஆனா நகத்தால தடவினா நடுவுல ஒரு சின்னப் பள்ளம். மைக்ரோமீட்டரோட தட்டையான முகம் பள்ளத்துக்குள்ள இறங்காது. ஓரத்தைத்தான் அளக்கும். உண்மையான தடிமன் யாருக்குத் தெரியும்?

'எங்க காலேஜ்ல சர்ஃபேஸ் கிரைண்டர் இருக்குங்ணா. பழைய ஷிம்மையே தேய்ச்சு 1.85 ஆக்கிடட்டுமா?'

'மேல்தோல் கடினப்படுத்தினது தம்பி. அதைத் தேய்ச்சு எடுத்துட்டா உள்ளே இருக்கிறது சீக்கிரம் பள்ளமாயிடும். அப்புறம் இதே கதைதான்.'

புதுசு ஆர்டர் போட்டா? நடுவுல பொங்கல் லீவு. 18-ம் தேதிக்கு மேலதான் வரும். அண்ணனுக்கு லீவு 17-ம் தேதி வரைதான்.

மெக்கானிக் அண்ணா கையைத் துணியில துடைச்சுக்கிட்டே சொன்னார். 'டப்பால இருக்கிறதைப் போட்டாலும் ஓடும். எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன். என்ற வண்டி இல்ல, உன்ற வண்டி. நீயே சொல்லு.'

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? யோசிச்சு வைங்க. நான் வெளியே வந்து, எதிர்த்த லேத் பட்டறை வாசல்ல நின்னுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் யோசிச்சேன். பள்ளமான ஷிம்மைப் போட்டா அண்ணன் வருவான், வால்பாறை போவான், 'தேங்க்ஸ்டா'ம்பான். எல்லாம் ஸ்மூத்து. சத்தமே இருக்காது.

சத்தமே இல்லாம இருந்துதான் இந்த நிலைமைக்கு வந்தோம்னு அப்போதான் உறைச்சுது.

போனைப் போட்டேன். ஒரே மூச்சுல சொல்லிட்டேன். 'அண்ணா, நீ அனுப்பின நாலாயிரத்தை மூணாறுல செலவு பண்ணிட்டேன். சர்வீஸ் பண்ணல. பண்ணினேன்னு பொய் சொன்னேன். இப்போ ஒரு எக்ஸாஸ்ட் வால்வு டைட்டா இருக்கு. வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்கோம். பொங்கலுக்கு வண்டி கிடைக்காது.'

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. என் இருபது வருஷ வாழ்க்கையில அவ்வளவு பயந்ததில்லை.

அப்புறம் ஆரம்பிச்சான் பாருங்க! இருபது நிமிஷம். சின்ன வயசுல அவன் பம்பரத்தைத் தொலைச்சதுல இருந்து எடுத்தான். லேத் சத்தத்தையும் தாண்டி, பட்டறைக்குள்ள இருந்தவர் எட்டிப் பாக்கிற அளவுக்குக் கத்தினான். நம்புங்க, அவன் கத்தக் கத்த எனக்கு நெஞ்சுல இருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு. கடைசியா மூச்சு வாங்கிட்டு, 'டப்பா ஷிம்மு கிம்மு போட்டே... கொன்னுடுவேன். புதுசே ஆர்டர் பண்ணு. வால்பாறைக்கு பஸ்ஸுல போறேன்'னான். வெச்சுட்டான்.

பஸ்ஸுலதான் போனான். பொங்கல் அன்னிக்கு எங்கூடப் பேசல. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் கரும்புல பாதியை ஒடிச்சு நீட்டினான். அவ்வளவுதான் எங்க வீட்டு சமாதானம்.

ஜனவரி 19. ஷிம் வந்துச்சு. மேல பளிச்சுனு '185'. இந்தத் தடவை மைக்ரோமீட்டர், எண்ணெய், ராக்கர் எல்லாம் நானே. போட்டு முடிச்சதும் கிராங்க்கை நாலஞ்சு சுத்து சுத்தி, மறுபடியும் 'டி' குறிக்கு வந்து, மூக்கு எந்தப் பக்கம்னு பாத்து, தகடை விட்டேன். 0.27 வழுக்குச்சு. 0.28 இழுவையோட போச்சு. 0.29 போகவே இல்லை. அவர் கேட்கறதுக்கு முன்னாடி மூணையும் காட்டினேன்.

நோட்டுல எழுதச் சொல்லி பேனாவை என்கிட்ட கொடுத்தார். 0.16, 0.15, 0.25, 0.28. மூணாவது நம்பருக்குப் பக்கத்துல 'அடுத்து இதைப் பார்'னு குறிச்சேன். அதுவும் கீழ் எல்லைக்குப் பக்கத்துலதானே நிக்குது. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை கட்டை விரல் வைக்கல.

கவரை மூடி, டேங்க்கை மாட்டி, செல்ஃபை அமுக்கினேன். அரை நொடி. பத்திக்கிச்சு. நல்லவேளை, வால்வு கருகற அளவுக்குப் போகல. போயிருந்தா ஹெட்டையே கழட்டியிருக்கணும்.

உடனே போன் அடிச்சுது. அண்ணன்தான். போனை என்ஜின் பக்கத்துல பிடிச்சேன்.

'என்னடா, டிக் டிக்னு லேசா சத்தம் வருது? ஒழுங்காப் பண்ணினியா, இல்லியா?'

'அப்படித்தாண்ணா இருக்கணும்.'

'அடுத்த மாசம் வர்றேன். நானே கேஜ் வெச்சுப் பாப்பேன்.'

'வந்து பாருண்ணா. 0.28 இருக்கும். அட்ஜஸ்ட் பண்ணாத நம்பர்!'